அட்லி யாருக்குத் தோழர்?



1945 முதல் 1951 வரை பிரிட்டனை ஆண்ட கிளமென்ட் அட்லியை ஏழைகளின் பிரதமர் என்கிறார்கள். இந்தியாவுக்குச் சுதந்திரம் தந்தவர் என்று நம்மவர்களும் புகழ்கிறார்கள். தொழிலாளர் கட்சித் தலைவர், என்னைப்போல் சட்டம் படித்தவர். சரி, பால்மரம் சீவிய நமக்கு அவர் ஆட்சி என்ன செய்தது?

1946 ஏப்ரலில் மலாயன் யூனியன் வந்தது. இங்கே பிறந்தவருக்குக் குடியுரிமை. ஜப்பான்காரன் பிடிப்பதற்கு முந்திய 15 ஆண்டில் 10 ஆண்டு வாழ்ந்தவருக்கும் உண்டு என்றார்கள். மலாய்க்காரர்கள் எதிர்த்தார்கள். அடுத்த மாதம் நம் ஜோகூர் பாருவில்தான் அம்னோ பிறந்தது. அவர்கள் தங்கள் உரிமைக்குப் போராடினார்கள், அதில் குறையில்லை. வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கியது லண்டன்! 1948 பிப்ரவரியில் வந்த கூட்டரசில், வெளியே பிறந்தவர் 20 ஆண்டில் 15 ஆண்டு இங்கிருந்ததைக் காட்டவேண்டும், மலாய் அல்லது ஆங்கிலம் தெரிந்திருக்கவேண்டும். தோட்டக் கூலிக்கு எந்தப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தீர்கள் ஐயா?

அதே ஆண்டு ஜூனில் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்குத் தடை, பிறகு அவசரகாலம். ஜூலையில் பிரிட்டன் மக்களுக்கு இலவச மருத்துவம்! நம் ரப்பர் ஈட்டிய டாலர் அந்த நாட்டைத் தாங்கிய காலம் அது. சம்மேளனத் தலைவர் எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு முறையிட்டும் பயனில்லை. தொழிலாளர் கட்சி ஆட்சியில் தொழிற்சங்கத் தலைவனுக்குத் தூக்கு!

உங்கள் பாட்டி சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தாரா? நீல அட்டை எந்த ஆண்டு கிடைத்தது, கிடைக்காமலே போனாரா என்று இன்றே வீட்டில் கேளுங்கள்.