சாவிக்கு நகல் உண்டு. கம்ப்யூட்டருக்கு ஏன் இல்லை?

பூட்டு வாங்கினால் 2 சாவி கொடுக்கிறார்கள். ஸ்கூட்டர் வாங்கினாலும் 2 சாவி. ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்து பீரோவில் வைப்பது வீட்டுக்கு வீடு வழக்கம்.

ஆனால் மகள் கல்யாண போட்டோ, பேரன் முதல் அடி எடுத்து வைத்த வீடியோ, கடைக் கணக்கு, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாம் எங்கே இருக்கிறது? மேஜை மேல் உள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டரில்! அது போனால் அத்தனையும் கோவிந்தா!

"நல்லாத்தானே ஓடுது, பாத்துக்கலாம்" என்பதுதான் பல வீடுகளில் கிடைக்கும் பதில். இந்த "பாத்துக்கலாம்"தான் ஆபத்து.

வெள்ளம் சொல்லி விட்டு வராது

2015 டிசம்பர் 1-ந்தேதி இரவு அடையாறு கரை புரண்டது. முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வீடு வீடாகத் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் மிதந்தன.

இப்படி வெள்ளம் வரும்போது கட்டில், பிரிட்ஜ், மிக்சியோடு கம்ப்யூட்டரும் முழுகிப் போகிறது. கட்டிலைப் புதிதாக வாங்கலாம். இறந்துபோன அப்பாவின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?

வெள்ளம்கூட வேண்டாம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க் ஒரு சுழலும் தட்டு. நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றும். அதன் மேல், தலைமுடியைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில், ஒரு முள் மிதக்கிறது. ஓடும்போது கை தவறிக் கீழே விழுந்தால் முள் தட்டைக் கீறி விடும். புதிய ரக எஸ்.எஸ்.டி.யில் தட்டு கிடையாது. ஆனால் அதுவும் சில நேரம் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரே நாளில் படுத்து விடும்.

"மீட்டுத் தருகிறோம்" என்பவர்கள் இருக்கிறார்கள். தூசி இல்லாத அறையில் டிஸ்க்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பில் சில சமயம் கம்ப்யூட்டர் விலையையே தாண்டும். அப்போதும் கிடைக்கும் என்று உறுதி இல்லை.

பூட்டு போடும் திருடன்

சாதாரணத் திருடன் பொருளை எடுத்துக்கொண்டு ஓடுவான். கம்ப்யூட்டர் திருடன் எதையும் எடுக்க மாட்டான். உள்ளே இருப்பதைப் பூட்டி விட்டு, "பணம் கொடு, சாவி தருகிறேன்" என்பான்.

2017 மே 12-ந்தேதி "வான்னாகிரை" என்ற வைரஸ் அப்படித்தான் கிளம்பியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் மாட்டின. இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்கள் ரத்தாயின. ஒரு கம்ப்யூட்டருக்கு 300 டாலர் கேட்டான். நகல் வைத்திருந்தவர்கள் கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டு, பழையதை மறுபடி ஏற்றிக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு சங்கதி. நகல் எடுத்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலேயே சொருகி வைத்திருந்தால், வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டி விடும். வேலை முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும்.

பெரிய கம்பெனிக்கும் இதே கதி

1998-ல் அமெரிக்காவில் "டாய் ஸ்டோரி 2" கார்ட்டூன் படம் தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ தவறாக ஒரு கட்டளை கொடுக்க, கதாபாத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. "நகல் இருக்கிறதே" என்று போய்ப் பார்த்தார்கள். நகல் சரியாகப் பதிவாகவில்லை! குழந்தை பெற்று வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஒரு பெண் அதிகாரியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைக் கம்பளியில் சுற்றிக் காரில் கொண்டு வந்தார்கள். மானம் தப்பியது.

2017 ஜனவரி 31-ந்தேதி "கிட்லேப்" என்ற சாப்ட்வேர் கம்பெனியில் ஓர் ஊழியர் முக்கியத் தகவல்களைத் தவறுதலாக அழித்து விட்டார். நகல் எடுக்க 5 வழி வைத்திருந்தார்கள். ஆபத்துக்கு ஒன்றும் கைகொடுக்கவில்லை. 6 மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது.

நகல் எடுத்தால் மட்டும் போதாது. அது திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பெனிக்கே இந்த கதி என்றால் வீட்டுக்கு?

இதெல்லாம் நகல் அல்ல

"சி டிரைவில் இருந்ததை டி டிரைவிலும் போட்டு வைத்திருக்கிறேன்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. பல கம்ப்யூட்டர்களில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கின் 2 அறைகள்தான். வீடு எரிந்தால் 2 அறையும்தான் எரியும்.

"கூகுளில் இருக்கிறது, கவலை இல்லை" என்பது அடுத்த பதில். கூகுள் டிரைவில் ஒரு பைலை அழித்தால், 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். பிறகு போச்சு. போனில் போட்டோவை அழித்தால், அதனுடன் இணைந்த மற்ற இடங்களிலும் அழியும். இது கண்ணாடி மாதிரி. முன்னால் நிற்பதைத்தான் காட்டும். இலவசமாகத் தரும் இடத்துக்கும் அளவு உண்டு. 2021 ஜூன் 1-ந்தேதி முதல் புதிதாக ஏற்றும் போட்டோக்களும் அந்தக் கணக்கில் சேர்ந்து விட்டன.

நெருப்பு அங்கும் வரும். 2021 மார்ச் 10-ந்தேதி பிரான்சு நாட்டில் ஸ்டிராஸ்பர்க் நகரில் "ஓ.வி.எச்." கம்பெனியின் 5 மாடி கட்டிடம் எரிந்தது. வேறு இடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

வெள்ளிக்கு ஒன்று, அமாவாசைக்கு ஒன்று

பீட்டர் கிரோக் என்ற அமெரிக்க புகைப்பட நிபுணர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு. 3, 2, 1. மொத்தம் 3 பிரதி. 2 வேறு வேறு ரகச் சாதனம். அதில் 1 வீட்டுக்கு வெளியே. சின்னக் கணக்குதான். அதை நடத்துவதுதான் கஷ்டம்.

எந்த முறை நல்லது என்று கேட்டால், மறக்காத முறைதான் நல்லது. தினமும் எடுப்பேன் என்று சபதம் போடுபவர் பத்தே நாளில் விட்டு விடுவார். ஆகவே ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடு இதை முடிச்சுப் போட்டு விடுவதே புத்திசாலித்தனம்.

கடையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லாவுக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள். அந்த நேரம் டிஸ்க்கைச் சொருகி நகல் எடுக்கலாம். விண்டோஸில் "பைல் ஹிஸ்டரி", ஆப்பிளில் "டைம் மெஷின்" என்று இலவசமாகவே இருக்கிறது. ஒரு தடவை செட் பண்ணி விட்டால், டிஸ்க்கைச் சொருகியதும் மாறிய பைலை மட்டும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு டிஸ்க் தம்பி வீட்டிலோ ஆபீஸ் மேஜையிலோ இருக்கட்டும். அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைக்க மறக்காத கடைக்காரர், அன்றைக்கே 2 டிஸ்க்கையும் இடம் மாற்றலாம். மாதச் சம்பளக்காரருக்கு 1-ந்தேதி தோது. கூகுளில் ஏற்றி வைப்பது 3-வது காவலாக இருக்கட்டும். அதையே முதல் காவலாக நம்ப வேண்டாம்.

3 மாதத்துக்கு ஒரு தடவை நகலில் இருந்து ஏதாவது ஒரு போட்டோவைத் திறந்து பார்த்து விட வேண்டும். வெளியே போகும் டிஸ்க்குக்கு பாஸ்வேர்டு போடுவதும் நல்லது. அந்த பாஸ்வேர்டு வீட்டில் இன்னொருவருக்கும் தெரிய வேண்டும். வீட்டுக்காரர் மட்டும் மனதில் வைத்திருந்து திடீரென்று கண்ணை மூடினால், அந்தக் குடும்பத்துக்கு நகலும் இல்லை, அசலும் இல்லை.

கடைக்காரர்களுக்கு சட்டமே சொல்கிறது

ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசி தேதியில் இருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர், விபத்தோ இயற்கைச் சீற்றமோ வந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி நகல் வைக்க வேண்டும் என்கிறது விதி 57. "டிஸ்க் போச்சு சார்" என்று அதிகாரியிடம் கையை விரிக்க முடியாது.

விற்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. கம்ப்யூட்டர் வாங்கப் போனால் பை தருகிறார்கள், மவுஸ் தருகிறார்கள், வைரஸ் தடுப்பு சாப்ட்வேரைத் தலையில் கட்டுகிறார்கள். "நகல் எடுக்க ஒரு டிஸ்க் வேண்டாமா?" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? ரிச்சி தெருவில் இருந்து மூலைக் கடை வரை, விற்கும்போதே நகல் முறையையும் செட் பண்ணிக் கொடுக்கட்டும். அரை மணி நேர வேலை. வாடிக்கையாளர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

வெளி டிஸ்க் விலை சில ஆயிரம் ரூபாய். அதுவும் இப்போதைக்கு முடியாதவர், முக்கியமான நூறு போட்டோவையும் பத்திரங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டு அக்கா வீட்டில் கொடுத்து வைக்கலாம்.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அதையாவது செய்து முடிக்க வேண்டும்.