முதலில் ஒயரோடு ஓடட்டும்

திருப்பதி என்றதும் மலையும் மொட்டையும் லட்டும்தான் நினைவுக்கு வரும். 2022 ஏப்ரலில் ஆந்திரம் தன் மாவட்டங்களைப் பிரித்தபோது, சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. அதுவரை நெல்லூர்க் கணக்கில் இருந்த ஸ்ரீஹரிகோட்டாவும் இதில் சேர்ந்தது. ஆக, நிலவில் ஓடிய முதல் இந்திய வண்டியும் இங்கிருந்து கிளம்பியதுதான். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 சுமந்து சென்ற பிரக்யானுக்கு எடை 26 கிலோ, சக்கரங்கள் ஆறு, வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்.

ஆகஸ்ட் 27 அன்று அதன் எதிரே, 3 மீட்டர் தூரத்தில், 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று குறுக்கிட்டது. வந்த வழியே திரும்பச் சொல்லி பூமியிலிருந்து கட்டளை போயிற்று. வண்டியும் திரும்பியது. சுமார் 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஓடினாலும் அது ஒருவகையில் ரிமோட் கார்தான்.

அந்த உறவை வீட்டுக் கூடத்திலேயே உண்டாக்கலாம். கியர் வைத்த சிறு மோட்டார்கள் இரண்டு, அவற்றுக்கேற்ற சக்கரங்கள், முன்னால் எப்பக்கமும் திரும்பும் சின்னச் சக்கரம் ஒன்று, ஒரு பலகைத் துண்டு, பென்சில் செல் நான்கு, ஆறு முனைகள் கொண்ட டிபிடிடி ஸ்விட்ச் இரண்டு, சில மீட்டர் ஒயர். நடுவில் நிறுத்தினால் அணைந்துவிடும் ரக ஸ்விட்சாகக் கேட்டு வாங்க வேண்டும். சதுரமான 9 வோல்ட் பேட்டரி வேண்டாம். மோட்டார்கள் இழுக்கும் மின்னோட்டத்துக்கு அது ஈடு கொடுக்காது.

ஸ்விட்சின் நடு முனைகள் இரண்டும் மோட்டாருக்கு. ஒரு பக்கத்து முனைகளில் பேட்டரி. அங்கிருந்து எதிர்ப்பக்கத்து முனைகளுக்குப் பெருக்கல் குறி போலக் குறுக்காக இரண்டு ஒயர்கள். குமிழை ஒரு பக்கம் தள்ளினால் மோட்டார் முன்னோக்கிச் சுழலும். மறுபக்கம் தள்ளினால் பின்னோக்கி. மோட்டாருக்கு ஒரு ஸ்விட்ச். இரண்டும் முன்னே என்றால் வண்டி நேராகப் போகும். வலது மட்டும் ஓடினால் இடப்பக்கம் திரும்பும். ஸ்டியரிங் தேவையில்லை.

முதல் ஓட்டத்தில் பெரும்பாலும் வண்டி நகராமல் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். இரண்டு மோட்டார்களும் பலகையில் எதிரெதிராகப் பொருத்தப்பட்டிருப்பதால், ஒரே மாதிரி இணைப்புக் கொடுத்தால் ஒன்று முன்னேயும் மற்றது பின்னேயும் உருட்டும். ஒரு மோட்டாரின் இரு ஒயர்களை இடம் மாற்றினால் சரியாகிவிடும். இதைப் பையனோ பெண்ணோ தானே கண்டுபிடிக்கும் வரை பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது நல்லது. மின்சாரத்துக்குத் திசை உண்டு என்பதைப் பாடப் புத்தகத்தைவிட அந்தச் சுற்றல் நன்றாகச் சொல்லிக் கொடுக்கும்.

ஒயரை அறுத்துவிட்டு வானலைக்கு மாறுவது அடுத்த கட்டம். கையிலிருக்கும் பெட்டி குமிழின் நிலையைக் குறியீடாக அனுப்பும். வண்டியிலுள்ள பெட்டி அதைப் புரிந்துகொள்ளும். புரிந்துகொண்ட சிப்புக்கு மோட்டாரைச் சுழற்றும் அளவு பலம் கிடையாது. அதற்காக எல்293டி போன்ற இன்னொரு சிப் இடையில் வரும். அது செய்வதும் குமிழ் செய்த அதே வேலை: திசையை மாற்றிவிடுவது. ஒயர் வண்டியைக் கட்டிய பிள்ளைக்கு இது விளங்கும். நேரே வானலைக்குத் தாவிய பிள்ளைக்கு அந்தச் சிப் ஒரு கறுப்புப் பூச்சி.

சிக்கல் இங்கேதான். ரோபோ வகுப்பு என்ற பெயரில் இன்று பல நகரத்துப் பள்ளிகளில் தருவது முன்கூட்டியே தயாரான பாகங்களின் பெட்டி. படத்தைப் பார்த்து நான்கு திருகாணியை முடுக்கினால் ஒரு மணி நேரத்தில் வண்டி ஓடுகிறது. ஓடாமல் போனால் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஒயர் வண்டியிலோ கோளாறு எங்கே என்று விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பிடித்துவிடலாம்.

இதற்கு நகரமும் வேண்டியதில்லை. சித்தூர் மாவட்டத்தில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் குப்பம் அருகே, 1999இல் தொடங்கிய அகஸ்தியா அறக்கட்டளையின் 172 ஏக்கர் வளாகம் இருக்கிறது. எளிய பொருட்களில் செய்த அறிவியல் மாதிரிகளை வேனில் ஏற்றி அரசுப் பள்ளிகளுக்கே கொண்டுபோய், பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்க விடுகிறார்கள்.

தமிழில் ‘பொறி’ என்றால் இயந்திரம். கண், காது முதலான ஐம்புலக் கருவிகளும் பொறிதான். நம் பலகை வண்டி முதல் வகை மட்டுமே. அதற்குக் கண் கிடையாது; பள்ளத்தைப் பார்க்க வேண்டியது குமிழைப் பிடித்திருக்கும் பிள்ளை. பிறகு ஒருநாள், இந்த வண்டிக்கே ஒரு கண் வைத்தால் என்ன என்று அந்தப் பிள்ளை கேட்கும். அப்போது தொடங்குகிறது ரோபோ.