ஒட்டுத் தாடி

1749-ஆம் வருஷத்தில், இருபது வயது வாலிபரான லெஸ்ஸிங் ஜெர்மன் பாஷையில் 'யூதர்கள்' என்ற ஹாஸ்ய நாடகத்தை எழுதினார். கொள்ளைக்காரர்களிடமிருந்து ஒரு பிரபுவை வழிப்போக்கர் ஒருவர் காப்பாற்றுகிறார். கள்வர்களுக்குத் தாடி இருந்ததால் அவர்கள் யூதர்களே என்று பிரபு தீர்மானித்துவிடுகிறார். கடைசியில் அது ஒட்டுத் தாடி என்றும், ஒட்டிக்கொண்டவர் யூதர்களை உரக்கத் தூற்றிய சொந்தக் காரியஸ்தரே என்றும் வெளியாகிறது. நன்றியால் பெண்ணையே கொடுக்க முன்வந்த பிரபுவிடம், காப்பாற்றியவர் தாம் யூதர் என்கிறார். விவாகப் பேச்சு அதோடு நின்றது!

1754-இல் நாடகம் அச்சேறியதும், இவ்வளவு உத்தமமான யூதர் இருப்பது நம்பத்தக்கதல்ல என்று மிகாயலிஸ் என்ற பண்டிதர் மதிப்புரை எழுதினார். பாவம், தாமும் அந்த நாடகத்தில் ஒரு பாத்திரமாகிவிட்டதை அவர் அறியவில்லை!

கள்வனின் தாடி இழுத்தால் வந்துவிடும். பிறர் முகத்தில் நாம் மனத்தாலேயே ஒட்டிவைக்கும் தாடியை யார் இழுப்பது?