பேட்டரியை மாற்றுவதற்கு முன் எர்த் ஒயரைப் பாருங்கள்



உங்களில் பலர் பழைய புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் வண்டிகளை இன்னும் வைத்திருக்கிறீர்கள். அப்பா நைட் ஷிப்ட் போய்வந்த வண்டி என்று விற்க மனம் வராமல், புது பெயிண்ட் அடித்து ஓட்டுகிறீர்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் என்னிடம் வரும் கேள்வி மட்டும் மாறுவதில்லை. "சார், பேட்டரி புதுசு, பல்பு புதுசு, ரெகுலேட்டரும் மாத்தியாச்சு. ஆனாலும் ஹெட்லைட் மங்கலாத்தான் எரியுது."

என் கருத்து இதுதான். பழைய வண்டியில் விளக்கு மங்கினால் முதலில் பார்க்க வேண்டியது எர்த் இணைப்பு. அதைப் பார்க்காமல் பாகம் பாகமாக மாற்றுவது காசைக் கரியாக்கும் வேலை.

வகுப்பில் பேட்டரி, பல்பு, ஒயர் வைத்து மின்சுற்று செய்தோமே, நினைவிருக்கிறதா? பல்புக்குப் போகும் ஒயரைக் கழற்றினாலும் விளக்கு அணையும், பல்பிலிருந்து திரும்பும் ஒயரைக் கழற்றினாலும் அணையும். போகும் வழி எவ்வளவு முக்கியமோ, திரும்பும் வழியும் அவ்வளவு முக்கியம். வண்டியில் அந்தத் திரும்பும் வழிக்குத்தான் எர்த் என்று பெயர். வீட்டு எர்த் மண்ணுக்குள் போகிறது, அது நம் உயிரைக் காக்க. ரப்பர் டயர் மேல் நிற்கும் வண்டிக்கும் மண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. அங்கே எர்த் என்பது ஃபிரேம் வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை மட்டுமே.

ஒயரை மிச்சம் பிடிக்க, பழைய வண்டிகளில் இரும்பையே ஒயராகப் பயன்படுத்தினார்கள். டெயில் லைட்டின் மின்சாரம் மட்கார்டு வழியாகவும் அதன் போல்ட் வழியாகவும் திரும்பும். பல வண்டிகளில் ஹெட்லைட்டின் மின்சாரம் ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள பால் ரேஸ் குண்டுகள் வழியாகத்தான் ஃபிரேமுக்கு வரும். கிரீஸ் பூசிய குண்டுகள்! புதிதாக இருந்தபோது ஓடியது. முப்பது நாற்பது வருட மழையும், நம் ஊர்த் தூசியும், கடலூர்ப் பக்கமிருந்து வரும் ஈரக் காற்றும் பட்ட பிறகு எப்படி ஓடும்? துருவும் களிம்பும் வழியை அடைத்துவிடும். போதாததற்கு ஃபிரேமைக் கழற்றி அழகாகப் பவுடர் கோட்டிங் கொடுக்கிறோம். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. வண்டி பளபளக்கும், விளக்கு மங்கும்.

கணக்கோடு பாருங்கள். 12 வோல்ட், 35 வாட் பல்பின் மின்தடை எரியும்போது சுமார் 4 ஓம். 6 வோல்ட், 35 வாட் பல்புக்கு சுமார் 1 ஓம்தான். எர்த்தில் வெறும் 0.2 ஓம் தடை சேர்ந்தால், 12 வோல்ட் வண்டியில் பல்புக்குக் கிடைக்கும் வோல்ட்டேஜ் 5 சதவீதம் குறையும். 6 வோல்ட் வண்டியில் 16 சதவீதம் போய்விடும். வோல்ட்டேஜ் குறைவதைவிட வெளிச்சம் வேகமாகக் குறையும். 16 சதவீதம் போனால் வெளிச்சம் கிட்டத்தட்ட பாதிதான் மிஞ்சும். பழைய 6 வோல்ட் வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

அறிகுறிகள் எளிது. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது ஹெட்லைட் கூடிக் குறைகிறதா? பிரேக் மிதித்தால் டெயில் லைட் மங்குகிறதா? இண்டிகேட்டர் போட்டால் வேறு விளக்கும் சேர்ந்து மினுக்குகிறதா? எர்த்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகத்தை அளந்து உறுதி செய்யுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ஒரு முனையை பேட்டரியின் எர்த் கம்பத்திலும் மறுமுனையைப் பல்பு ஹோல்டரின் எர்த் பக்கத்திலும் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட் காட்டினால் நல்லது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அங்கேதான். ஓம் அளவில் வைத்துப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் நன்றாகவே காட்டும். சுமை ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். சில வண்டிகளில் ஹெட்லைட் இன்ஜின் காயிலிலிருந்து நேரடியாக ஏசியில் எரியும். அவற்றில் இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரை ஏசியில் வைத்து, இன்ஜின் உடம்புக்கும் ஹோல்டருக்கும் நடுவே அளக்க வேண்டும்.

சரிசெய்வதும் பெரிய வித்தை இல்லை. பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். எந்த முனை ஃபிரேமோடு இணைந்திருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். எர்த் போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிய வையுங்கள். ஒயர் முனைக்கு நல்ல லக் அடித்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். ஹெட்லைட், டெயில் லைட், ரெகுலேட்டர் ஒவ்வொன்றிலிருந்தும் தனி எர்த் ஒயர் இழுத்து ஓர் இடத்தில் சேர்த்து, அங்கிருந்து தடித்த ஒயர் ஒன்றை பேட்டரிக்குக் கொண்டு போங்கள். இன்ஜினுக்கும் ஒரு தடித்த ஒயர். அதன் பிறகு பால் ரேஸ் தன் சொந்த வேலையை மட்டும் பார்த்தால் போதும்.

"அதிக வாட் பல்பு போட்டால் போதாதா சார்?" என்று ஒரு தம்பி கேட்டார். போதாது. வாட் கூடினால் கரண்ட் கூடும். அதே கெட்ட எர்த்தில் இழப்பும் கூடும், ஹோல்டரும் சூடாகும்.

மெக்கானிக் தம்பிகளைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. புதுப் பாகம் மாட்டினால் பில் போடலாம், அரை மணி நேரம் உப்புத்தாள் தேய்த்ததற்குக் கூலி கேட்டால் நாம்தான் முகம் சுளிக்கிறோம். அந்த உழைப்புக்கு உரிய கூலியைக் கொடுங்கள். பேட்டரி விலையை விட அது குறைவாகத்தான் இருக்கும்.

இன்றும் ராத்திரி ஷிப்ட் முடிந்து மந்தாரக்குப்பம், வடலூர், பண்ருட்டிப் பக்கம் வீடு திரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். லாரி எதிரே வரும்போது உங்கள் விளக்கு உங்களுக்கும் வேண்டும், அவனுக்கும் தெரிய வேண்டும். பின்னால் வருகிறவனுக்கு டெயில் லைட் தெரிய வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மீட்டரை எடுத்து அளந்து பாருங்கள். எத்தனை வோல்ட் காட்டியது என்று கீழே எழுதுங்கள். வண்டி எது, 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், நெய்வேலி