கேமராவுக்கு முகம் வேண்டும்

குற்றம் பற்றிய எழுத்து என்றதும் நம் சிற்றிதழ்ச் சூழலில் இரண்டு விதமான முகச்சுளிப்புகளைக் காணலாம். ஒரு சாரார் அதைப் பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கும் மாத நாவலோடு சேர்த்துவிடுவர். மற்றொரு சாரார் அது நாளிதழ் நிருபரின் வேலை, இலக்கியத்திற்கு அங்கே என்ன வேலை என்பர். ஒரே குற்றத்தை ஆண்டுக்கணக்கில் தோண்டி, சாட்சிகளைத் தேடிச் சென்று, அதைப் படமாகவும் நூலாகவும் ஆக்கும் ஒருவரைக் குறிக்க நம்மிடம் ஒரு சொல்கூட இல்லை. சொல் இல்லாததற்குக் காரணம் ஆள் இல்லாததுதானா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

இக்கேள்வி எங்களுக்குக் கீழவைப்பாரில் தோன்றியது. எங்களில் இருவர் ஒரு மாலைப்பொழுதில் அவ்வூர்க் கடற்கரையில் வலை சீர்செய்து கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். மணலைப் பற்றிக் கேட்டோம். தலை நிமிராமல் அவர் கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, நோட்டு வச்சிருக்கியளா, கேமராவா?" நோட்டுதான் அண்ணாச்சி என்றோம். "அப்போ இருங்க. கேமரான்னா நான் பேச மாட்டேன். நோட்டுன்னா பேரு போடாம எழுதிக்கிடுங்க."

அவர் சொன்னவற்றில் பலவற்றை இங்கே எழுத முடியாது; எங்களால் சரிபார்க்க இயலவில்லை. ஆனால் அந்த முதற் கேள்வியில் ஆவணப்படம் என்னும் கலையின் எல்லை துல்லியமாகக் குறிக்கப்பட்டிருந்தது என்று எங்களுக்குப் பட்டது.

தூத்துக்குடிக்கு வடக்கே வைப்பாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ஊர் இது. ஒரு காலத்தில் இக்கடல் முத்துக்குப் பெயர் பெற்றது. 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிப்போர் இன்றும் உண்டு. கடலுக்குள் இருந்த செல்வம் ஓய்ந்த பிறகு கரையில் கிடந்த செல்வத்தின் மீது கண்கள் திரும்பின. கார்னட், இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் எனப் பல கனிமங்கள் கலந்தது இத்தென்கடற்கரையின் தாதுமணல். திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர் அதில் மோனசைட் இருப்பதை 1909இல் கண்டறிந்தார் என்பது வரலாறு. ஒரு கயிற்றுத் துண்டிலிருந்து ஒரு தொழிலையே கண்டெடுத்தவரைத் துப்பறிவாளர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

2013 ஆகஸ்ட் 6 அன்று அப்போதைய தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் ஆஷிஷ்குமார், விளாத்திகுளம் வட்டம் வைப்பாறு கிராமத்தில் தாதுமணல் அள்ளப்படும் இடங்களில் சோதனை நடத்தச் செய்தார். அனுமதியற்ற அளவில் மணல் எடுக்கப்பட்டிருப்பது தெரியவந்ததாகச் செய்தி வெளியானது. சில மணி நேரத்திற்குள் அவர் மாற்றப்பட்டார். இரண்டு நாள் கழித்து ககன்தீப் சிங் பேடி தலைமையில் அரசு குழு அமைத்தது. மாவட்டத்தில் மணல் அள்ளுவது நிறுத்தப்பட்டு, செப்டம்பரில் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கும் தடை விரிந்தது. அதன் பிறகு வழக்குகள், மறு குழுக்கள், உயர்நீதிமன்றத்திற்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞரின் அறிக்கை. 2025 பிப்ரவரி 17 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. மாநில அரசு கணக்கிட்ட தொகை ஏறத்தாழ 5,832 கோடி ரூபாய். சோதனைக்கும் இந்த உத்தரவுக்கும் இடையில் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

இக்காலத்தில் இக்கதையை விடாமல் தொடர்ந்தவர் இதழாளர் சந்தியா ரவிசங்கர். 2017இன் தொடக்கத்தில் 'தி வயர்' இணைய இதழில் நான்கு பகுதிகளாக எழுதினார். மிரட்டல்களையும் அவதூறு வழக்கையும் எதிர்கொண்டார். 2019இல் 'ஃபர்பிடன் ஸ்டோரிஸ்' என்னும் பன்னாட்டு இதழாளர் கூட்டமைப்பு அவர் விட்ட இடத்திலிருந்து இப்புலனாய்வைக் கையிலெடுத்தது. 'கார்டியன்', 'லெ மோந்த்' போன்ற ஏடுகளில் இக்கடற்கரையின் பெயர் அச்சேறியது. அதாவது, வைப்பாற்று மணலைப் பற்றி பாரிஸ் வாசகர் அறிந்துகொண்டார். தமிழில் மட்டும் படித்துப் பழகிய விளாத்திகுளம் வாசகருக்கு அதே முழுமையோடு ஒரு நூல் இல்லை. இதை நாம் வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

இனி மேற்கே ஒருவரைப் பார்ப்போம். எர்ரோல் மாரிஸ், படம் எடுத்துப் பிழைக்க முடியாத நாட்களில் தனியார் துப்பறிவாளராகச் சம்பளத்திற்கு வேலை பார்த்தவர். 1976இல் டல்லாஸ் நகரில் ஒரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் ராண்டல் ஆடம்ஸ் என்பவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டிருந்தது. வேறொரு படத்திற்காகச் சிறைக்குச் சென்ற மாரிஸ், இம்மனிதர் குற்றமற்றவர் என்னும் ஐயம் கொண்டு சாட்சிகளை ஒவ்வொருவராகத் தேடிப் போனார். 1988இல் வெளிவந்த 'தி தின் ப்ளூ லைன்' படத்தின் விளைவாக மறு ஆண்டே ஆடம்ஸ் விடுதலையானார். படத்தின் உச்சமான தருணத்தில், உண்மையான குற்றவாளி ஏறக்குறைய ஒப்புக்கொள்ளும் இடத்தில், திரையில் அவர் முகம் இல்லை. அன்று கேமரா பழுதாகிவிட்டது; ஓர் ஒலிநாடா சுழல்வதையே நாம் பார்த்துக் கொண்டிருக்கிறோம். விடுதலையான ஆடம்ஸ் தம் கதையின் உரிமை குறித்து மாரிஸ் மீதே வழக்குத் தொடர்ந்தார் என்பது இக்கதையின் கசப்பான வால்.

அதே மாரிஸ், 1970இல் மனைவியையும் இரு மகள்களையும் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஜெஃப்ரி மக்டொனால்ட் என்னும் ராணுவ மருத்துவரின் வழக்கைப் பற்றி எழுத முற்பட்டபோது, படத்தை விட்டு நூலுக்குப் போனார். 2012இல் வந்த 'எ வில்டர்னஸ் ஆஃப் எர்ரர்' தடித்த புத்தகம். நீதிமன்றங்கள் அதன் வாதத்தை ஏற்கவில்லை. மாரிஸ் தவறாகவே இருக்கலாம். ஆனால் சான்றுகளை எல்லாம் வாசகர் முன் பரப்பிவைத்து, தாம் தவறு செய்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் அவர் கொடுத்திருக்கிறார். படத்தில் அதற்கு இடமில்லை. இரண்டு மணி நேரம் ஓடும் பிம்பம் நம்மை அடிக்குறிப்பு கேட்க விடுவதில்லை.

நம்மிடம் இதற்கு நெருங்கியவர்கள் இல்லாமல் இல்லை. மதுரையின் ஆர்.பி. அமுதன் அவர்களில் முதன்மையானவர். வில்லாபுரம் பகுதியில் தண்ணீர் விற்போரை எதிர்த்துப் போராடி 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொல்லப்பட்ட மாமன்ற உறுப்பினர் லீலாவதி பற்றியது அவரது தொடக்ககாலப் படங்களுள் ஒன்று. 2003இல் 'பீ' வந்தது: மதுரையில் ஒரு தெருவில் மலம் அள்ளும் பெண்ணின் ஒரு வேலை நாள். குற்றம் எது, குற்றவாளி யார் என்று அப்படம் சொல்வதில்லை. பார்ப்பவன் தன் பங்கைத் தானே உணர்கிறான். பின்னர் மணவாளக்குறிச்சி மணலையும், கல்பாக்கம், கூடங்குளத்தையும் 'ரேடியேஷன் ஸ்டோரீஸ்' என்னும் தொடராக எடுத்தார். மதுரையில் 1998 முதல் ஆவணப்பட விழா நடத்தி, தம் படங்களுக்கு மட்டுமின்றிப் பிறர் படங்களுக்கும் பார்வையாளரை உருவாக்கினார். வணிக அரங்கு ஒன்றுகூட இல்லாமல் ஒருவர் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததே வியப்பு.

அடுத்தவர் திருநெல்வேலியின் ஆர்.ஆர். சீனிவாசன். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காகச் சென்ற ஊர்வலத்தைக் காவல்துறை அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு குழந்தையும் உண்டு. சீனிவாசனின் 'நதியின் மரணம்' அதைப் பதிவுசெய்தது. நீதிபதி மோகன் ஆணையம் காவல்துறையின் செயலைப் பெரிதும் நியாயப்படுத்தியது. ஆணைய அறிக்கையை இன்று யார் படிக்கிறார்கள்? படத்தை இன்னும் பார்க்கிறார்கள். அந்த அளவில் கேமரா வென்றது.

இருப்பினும், இவ்விருவர் மீதும் மதிப்பு வைத்தே ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. இப்படங்களின் பின்னே எத்தனை நேர்காணல்கள், எத்தனை கோப்புகள், எத்தனை பயணங்கள் இருந்திருக்கும்! படத்தொகுப்பு மேசையில் வெட்டப்பட்டவை எங்கே? வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று முரண்பட்ட இடங்கள் எங்கே? அவை நூலாகியிருந்தால், ஆணைய அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் படித்திருக்கலாம். இதைப் படைப்பாளிகளின் குறையாக நாம் சொல்லவில்லை. கடன் வாங்கிப் படம் எடுத்து, ஊர் ஊராகத் திரையிட்டு, தேவைப்பட்டால் காவல் நிலையத்திற்கும் போய்வரும் ஒருவரிடம், இன்னும் மூன்றாண்டு உட்கார்ந்து அறுநூறு பக்கம் எழுது என்று கேட்பது கொடுமை. கேட்கப்பட வேண்டியவர்கள் பதிப்பாளர்களும், சிற்றிதழ் நடத்தும் நம்மைப் போன்றவர்களும்தாம். ஒரு சிறுகதைக்குப் பத்துப் பக்கம் தயங்காமல் ஒதுக்கும் நாம், ஒரு நீதிமன்ற ஆவணத்தைத் தமிழில் தந்து விளக்கும் கட்டுரைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதுண்டா? நாவலில் இக்கடற்கரை பேசப்பட்டுவிட்டது, ஜோ டி குரூஸின் 'கொற்கை' இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். நாவல் நாவலின் வேலையைச் செய்கிறது. எந்தத் தேதியில், எந்தப் புல எண்ணில், எத்தனை டன் என்பது நாவலின் வேலை அன்று.

கீழவைப்பார்ப் பெரியவரின் கேள்விக்கு இங்கே திரும்ப வேண்டும். முகம் தெரிந்தால் மறுநாள் அதே ஊரில் வாழ வேண்டியவர் அவர். மணல் வேலையில் கூலி வாங்கிய வீடும், மணல் போனதால் கரை இழந்த வீடும் ஒரே தெருவில் இருக்கும் ஊரில், கேமரா முன் உட்காருவது பக்கத்து வீட்டின் மீது சாட்சி சொல்வதற்குச் சமம். நோட்டு பெயரை மறைக்கும், சொல்லைக் காக்கும். முகத்தை மங்கலாக்கிக் காட்டலாமே என்பர். குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் ஊர்களில் அது உதவாது.

சிபிஐயின் கோப்பில் ஏற்றுமதிக் கணக்குகளும் அளவைப் படங்களும் சேரும். 2013க்கு முந்தைய இரவுகளில் எந்த வழியாக லாரிகள் போயின, கரை எவ்வளவு தூரம் உள்ளே வந்தது, எந்தக் குடிசை எந்த ஆண்டில் பின்னுக்குத் தள்ளி மறுபடி கட்டப்பட்டது என்பதெல்லாம் இவர்களிடம்தான் இருக்கிறது. எங்களிடம் பேசியவருக்கு வயது எழுபத்து நான்கு. எங்கள் குறிப்பேட்டில் பதினொரு பக்கங்கள் நிரம்பின. மிச்சத்தை வைகாசிக்குப் பிறகு வந்து கேட்கும்படி சொல்லியிருக்கிறார்.