ஓசூரில் பறந்தது ஏன் ஒதுக்கப்பட்டது?

டிரோன் என்கிறார்களே, அந்த ஆளில்லா விமானம் நமக்குப் புதிதல்ல. ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளி விமானத் திடலில் 2009 நவம்பரில் ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் ‘ருஸ்தம்’ முதன்முதலாகக் கிளம்பியது. இறங்கும்போது நொறுங்கியது. நமது விஞ்ஞானிகளும் தொழிலாளிகளும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடவில்லை. 2010 அக்டோபரில் மீண்டும் பறக்கவிட்டார்கள்; ஒழுங்காக இறங்கியது.

அதன் பெரிய தம்பி ‘தபஸ்’ 2016ல் சித்ரதுர்க்காவில் பறந்தது. 30,000 அடி உயரத்தில் 24 மணி நேரம் நிற்க முடியவில்லை என்று குறை சொன்னார்கள். குறை உண்மைதான். அதற்காக, முன்னுரிமைத் திட்டம் என்ற நிலையையே 2024 தொடக்கத்தில் பறித்தது சர்க்கார். முதல் வார்ப்பு கோணலாக வந்தால் அச்சைத் திருத்துவோமா, உலையை அணைப்போமா?

அதே 2024 அக்டோபரில் அமெரிக்காவின் ஜெனரல் அட்டாமிக்ஸ் கம்பெனி தயாரிக்கும் 31 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். விலை ஏறத்தாழ 32,000 கோடி ரூபாய். தீப்பெட்டி வாங்கும் விவசாயத் தொழிலாளியும் வரியாகக் கொடுத்த பணம் அது. வேடிக்கையைக் கேளுங்கள்: அதே ரகத்தில் குத்தகைக்கு எடுத்து அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பறக்கவிட்ட ஒன்று, முந்தின மாதந்தான் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் விழுந்திருந்தது! நம்முடையதில் குறையென்றால் ஒதுக்கு. அமெரிக்கனுடையது கடலில் விழுந்தாலும் 31 கொண்டுவா!

இந்த விமானத்தின் உடன்பிறப்பான ‘ரீப்பர்’, 2021 ஆகஸ்ட் 29ந் தேதி காபூலில் ஒரு வீட்டு முற்றத்தில் ஏவுகணை வீசிப் பத்துப் பேரைக் கொன்றது. அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். தவறு நேர்ந்துவிட்டதென்று அமெரிக்க ராணுவமே ஒப்புக்கொண்டது. ஒரு சிப்பாய்க்குக்கூடத் தண்டனை இல்லை.

எல்லையைக் காக்க இக்கருவி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. 2025 மே மோதலில் இந்தியாவும் பாகிஸ்தானும் இவற்றை ஏவியதைக் கண்டோம். ஆனால் யுத்தத்தின் நடுவில் ஒரு உதிரிபாகத்துக்கு வாஷிங்டன் முகத்தைப் பார்த்து நிற்பதா பாதுகாப்பு? அந்நிய எந்திரத்தின் பல்சக்கரம் கப்பலில் வரும்வரை லே-ஆப்பில் கிடந்த மில் தொழிலாளிக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ராணுவத் தளவாடத் தொழில் பாதையில் ஓசூரும் ஒரு முனை என்று 2019ல் மேடை போட்டுப் பேசினார்கள். ஐ.டி.ஐ. முடித்த நம் பிள்ளைகளோ சிப்காட் வாசல்களில் ஒப்பந்தக் கூலிகளாக நிற்கிறார்கள்.

நாம் கேட்பது இது: அமெரிக்க ஒப்பந்தத்தின் பராமரிப்பு, உதிரிபாக ஷரத்துக்களைப் பார்லிமெண்டில் வையுங்கள். தபஸுக்கு வேண்டிய பணத்தை ஒதுக்குங்கள். அதன் பாகங்களை ஓசூரிலேயே, பொதுத்துறை ஆலையில், நிரந்தரத் தொழிலாளிகளைக் கொண்டு செய்யுங்கள்.