என்ன உடம்புக்கு?

தினசரியில் இரங்கல் விளம்பரங்கள் வரும் பக்கத்தைச் சிலர் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. சிலர் அதைத்தான் முதலில் வாசிப்பார்கள். நான் இரண்டாவது கட்சி. தமிழன் சாவைப் பற்றி எவ்வளவு நாசூக்காகப் பேசத் தெரிந்தவன் என்பது அந்தப் பக்கத்தில்தான் விளங்கும். சைவர் சிவபதவி அடைகிறார். வைஷ்ணவர் ஆசார்யன் திருவடியை அடைகிறார். கிறிஸ்தவர் கர்த்தருக்குள் நித்திரை அடைகிறார். கடவுளே இல்லை என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர் இயற்கை எய்துகிறார். ஒருவராவது சாகிறாரா என்றால் இல்லை; எல்லோரும் எங்கேயோ போகிறார்கள். இதில் எனக்குச் சண்டை ஒன்றுமில்லை. எங்கே போனார் என்பது போனவருக்கும் அவர் நம்பிய தெய்வத்துக்கும் உள்ள விவகாரம்.

எதனால் போனார் என்பது இருப்பவர்களின் விவகாரம். அந்த இடம் வந்ததும் நம் பாஷை வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொள்கிறது. 'சிறிது காலம் உடல்நலம் குன்றியிருந்து' என்கிறோம், 'திடீரென்று' என்கிறோம், எதுவும் சரிப்படாவிட்டால் இருக்கவே இருக்கிறது 'அகால மரணம்'. தெருமுனையில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பாருங்கள். தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 23 வயது. இருபத்து மூன்று வயதுப் பிள்ளை எப்படி ஐயா மறைவான்? மேகத்துக்குப் பின்னாலா?

துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள், "என்ன உடம்புக்கு?" என்று கேட்கிறார்கள். திண்ணையில் ஒரு சித்தப்பா பதிலோடு உட்கார்ந்திருக்கிறார்: "வயிற்றுவலி." காதலில் தோற்றவனுக்கும் வயிற்றுவலி, வட்டிக்காரனுக்கு அஞ்சியவனுக்கும் வயிற்றுவலி, பரீட்சையில் தவறிய பெண்ணுக்கும் அதே வயிற்றுவலி. மறுநாள் பத்திரிகையும் 'தீராத வயிற்றுவலியால் மனமுடைந்து' என்று ஒரு வரி போட்டு முடித்துவிடும். இந்த வரியால் எத்தனை பேருக்குச் சௌகரியம்! வட்டிக்காரனை யாரும் கேட்கப் போவதில்லை. பள்ளிக்கூடத்தைக் கேட்கப் போவதில்லை. வீட்டுப் பெரியவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியும் குடலோடு போயிற்று. செத்தவனுக்கு மட்டும் அதனால் ஒரு லாபமும் இல்லை.

எங்கள் தலைமுறைக்கு இன்னொன்றும் நன்றாகத் தெரியும்: ஸ்டவ் வெடிப்பது. முப்பது வருஷமாக அந்த ஸ்டவ்வில் சமைத்த மாமியார் பக்கத்தில் அது ஒருநாளும் வெடிக்காது. ஆறு மாதத்துக்கு முன் வந்த மருமகளைக் கண்டால்தான் அதற்குக் கோபம் வரும். மண்ணெண்ணெயின் மேல் பழியைப் போட்டு ஊர் கலைந்து போய்விடும். இந்தக் கதை அளவுக்கு மிஞ்சிப் போய்த்தான் 1986-இல் தண்டனைச் சட்டத்தில் ஒரு புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ இயல்புக்கு மாறான வேறு வகையிலோ இறந்து, அதற்குச் சற்று முன்பு வரதட்சணைக்காகக் கொடுமைக்கு ஆளானாள் என்று காட்டினால், புருஷனோ புக்ககத்தாரோ அவள் சாவுக்குக் காரணமானவர்களாகவே கருதப்படுவார்கள் என்பது அதன் சாரம். 2024-இல் புதுச் சட்டப் புத்தகம் வந்தபோது பிரிவின் எண் மாறியது, விஷயம் மாறவில்லை. 'விபத்து' என்ற ஒரு வார்த்தையை நம்ப மறுப்பதற்குச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது என்றால் நம் வார்த்தைகளின் யோக்கியதை என்ன?

ஆண்பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை. இருபது வருஷம் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப் போனவன் எந்த ஊரிலும் குடியால் செத்ததில்லை. காமாலை என்பது பொய் இல்லைதான். கண் மஞ்சளாகத்தான் இருந்தது. வீடு எரிந்ததற்குக் காரணம் புகை என்று சொல்வதைப் போன்ற உண்மை அது. பக்கத்தில் நின்று மாலை போடுகிற சிநேகிதன், தனக்குக் காமாலை இல்லை என்ற தைரியத்தில் அன்று மாலையே கடைக்குப் போகிறான்.

மழுப்பலான சொல் மரியாதைக்காக ஏற்பட்டது, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் கள்ளக்குறிச்சியை நினைத்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் முதல் சில சாவுகள் விழுந்தபோது, கள்ளச்சாராயம் காரணமில்லை, வேறு உடல் கோளாறுகள் என்று அதிகாரத் தரப்பிலிருந்தே சொல்லப்பட்டது. சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். மெத்தனால் குடித்தவனைக் காலத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பிழைக்க வைக்க வழியுண்டு; தாமதித்தால் கண் போகும், அப்புறம் உயிர் போகும். அதே சாராயத்தைக் குடித்துவிட்டு வீட்டில் படுத்திருந்தவன் காதில் அந்தச் சமாதானம் எப்படி விழுந்திருக்கும்? சாவு அறுபதைத் தாண்டிற்று. சரியான வார்த்தையை முதல் நாளே தெருத் தெருவாகத் தமுக்கடித்துச் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கு அவ்வளவுக்குப் போயிருக்காது என்றே நான் நம்புகிறேன்.

பெரிய மனிதர்கள் விஷயத்தில் நம் வழக்கம் இன்னும் விசித்திரம். பாரதியார் யானை மிதித்துச் செத்தார் என்று இன்றும் படித்தவர்களே சொல்கிறார்கள். திருவல்லிக்கேணிக் கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. ஆனால் அதிலிருந்து அவர் எழுந்துவிட்டார். ஈரோட்டுக்குப் போய்ப் பிரசங்கம் செய்தார். சுதேசமித்திரனில் வேலையும் பார்த்தார். 1921 செப்டம்பரில் அவரைக் கொண்டு போனது வயிற்றுக்கடுப்பு. வயது 38. ஊரெல்லாம் இல்லாத வயிற்றுவலியைச் சாவுக்குக் காரணமாகச் சொல்லும் நாம், மெய்யாகவே வயிற்றால் செத்தவருக்கு யானையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்! மகாகவிக்கு யானை பொருத்தம், சீதபேதி பொருத்தமில்லை. யானையைச் சொன்னால் விதி என்று பெருமூச்சு விடலாம். கடுப்பு என்றால் நலிந்த உடம்பையும் வறுமையையும் பற்றிப் பேச வேண்டி வரும்.

டாக்டர் எழுதுகிற மரணக் காரணச் சான்றிதழ் இந்த விளையாட்டுக்கு இடம் கொடாது என்று நினைக்கலாம். அந்தப் படிவத்திலேயே, நோயையோ காயத்தையோ எழுது, இதயம் நின்றது என்பதைப் போன்ற சாகும் விதத்தை எழுதாதே என்று அச்சிட்டிருக்கிறார்கள். யாருக்குத்தான் இதயம் நிற்காமல் சாவு வந்தது? ஆனால் 2020-ஆம் வருஷத்துக் கணக்கின்படி, இந்தியாவில் பதிவான சாவுகளில் டாக்டர் காரணம் எழுதியவை நூற்றுக்கு 22.5 மட்டுமே. மற்றவற்றுக்குச் சித்தப்பாக்கள்தான் டாக்டர்.

ஒரு நியாயமான ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிணம் நடுவீட்டில் கிடக்கும்போது ஒரு தாயைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி சொல்லச் சொல்கிறாயா என்பார்கள். இல்லை. சொல்லாமல் இருக்க அவளுக்குப் பூரண உரிமை உண்டு. அதை மீறிக் கேட்பவன் மனிதனே இல்லை. தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது குற்றம் என்று சட்டம் இருந்த நாளில் போலீசுக்குப் பயந்து மாற்றிச் சொன்னவர்களையும் நான் குறை கூறமாட்டேன். 2017-இன் மனநலச் சட்டம் அந்தப் பயத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது. ஆனால் மௌனம் வேறு, புனைவு வேறு. மௌனம் ஒரு கேள்வியைத் திறந்து வைக்கிறது. யாராவது ஒருவன் இரவில் படுத்துக்கொண்டு யோசிப்பான். வயிற்றுவலி அந்தக் கதவைச் சாத்திப் பூட்டிச் சாவியையும் கிணற்றில் போட்டுவிடுகிறது.

பெயரைப் போடுங்கள், வயதைப் போடுங்கள், பெற்றவர்கள் பெயரைப் போடுங்கள், சிவலோகமோ வைகுண்டமோ உங்கள் இஷ்டம் போல் போடுங்கள். காரணம் சொல்ல மனம் வரவில்லை என்றால் அந்த ஒரு வரியை வெறுமனே விட்டுவிடுங்கள். விளம்பரத்தில் வரிக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறார்கள்; அதுவும் மிச்சமாகும்.